நாற்பது கோழிகள் போன இடம்

லிசெத்துக்குப் பெண் குழந்தை பிறந்த அன்றே, கொலம்பியாவின் கர்சோன் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்திகள் இருவரும் முட்டிக்கொண்டார்கள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாள் யார் வீட்டில் படுப்பது என்பதுதான் சண்டை. பெண்ணைப் பெற்ற எடில்மா, மகளையும் பேத்தியையும் கையோடு தன் ஊர் பிதாலித்தோவுக்குக் கூட்டிப்போகப் பஸ் டிக்கெட்டே எடுத்து வைத்திருந்தாள். பையனைப் பெற்ற ரூபியேலா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாப்பது நாளைக்கு நாப்பது கோழி. ஒண்ணு குறைஞ்சாலும் வந்து கூட்டிட்டுப் போங்க சம்பந்தி. நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றாள் ரூபியேலா.

"பண்ணைக் கோழி இல்ல. நாட்டுக் கோழி."

"நாட்டுக் கோழிதான். முட்டை போட்ட கோழி."

எடில்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நாப்பதாம் நாள் வருவேன். நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். என் மக உடம்பு சொல்லும்."

ரூபியேலா இவ்வளவு பெரிய வாக்கைக் கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. மூத்த மகள் வேலை தேடித் தலைநகர் பொகொத்தாவுக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. மகன் வில்மர் லாரி ஓட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பான். மருமகளும் குழந்தையும் பிதாலித்தோவுக்குப் போய்விட்டால் அவனும் லாரியை அந்தப் பக்கமே திருப்பிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பிறகு வீட்டில் மிச்சம் இருப்பது அவளும், புருஷன் அர்செஸியோவும், டிவியும். அர்செஸியோ நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு வீட்டை நிரப்புகிற அளவுக்கு நல்லவர் இல்லை.

கோழிகள் வர ஆரம்பித்தன. எடில்மாவே பன்னிரண்டு கோழிகளைக் காலைக் கட்டி பஸ்ஸில் போட்டுவிட்டாள். தெருப் பெண்கள் ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று கொண்டுவந்தார்கள். எதிர்வீட்டு எர்சீலியா நான்கு கொண்டுவந்தாள். எர்சீலியா வேறு யாரும் இல்லை, எடில்மாவின் சித்தப்பா மகள். தினம் சாயங்காலம் ஜன்னலில் உட்கார்ந்து பிதாலித்தோவுக்குப் போன் போடுகிறவள். இன்றைக்குக் கோழி அறுத்தார்களா, குழம்பு வாசம் எத்தனை மணிக்கு வந்தது என்பது வரை அங்கே செய்தி போய்விடும்.

முதல் கோழியை ரூபியேலா மனசார சமைத்தாள். மரவள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு, வாழைக்காய், மேலே கைநிறையக் கொத்தமல்லி. தட்டத்தை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அறைக்குள் போனாள். ஜன்னல்களை அடைத்து, மருமகளின் காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டி, ஒரு பொட்டு காற்று படாமல் வைத்திருந்தாள். லிசெத் கிண்ணத்தைப் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் சாய்ந்து வாந்தி எடுத்தாள்.

இரண்டாம் நாளும் அதேதான். மூன்றாம் நாள், கிண்ணம் கதவைத் தாண்டுமுன்பே அவள் கையை உயர்த்தினாள்.

"அத்தை, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். கோழி வாசம் வந்தாலே கொடலு வெளிய வந்துடும்போல இருக்கு. பப்பாளி தாங்க, முட்டை தாங்க, பருப்பு தாங்க, பாலாடைக்கட்டி தாங்க. எல்லாம் திங்கறேன். கோழி மட்டும் வேணாம்."

"உங்கம்மா கேட்டா?"

"சொல்லுங்க, நான் சாப்ட்டேன்னு."

"எதிர்வீட்டுல ஒரு ரேடியோ உக்காந்திருக்கே மகளே. குப்பைத் தொட்டியக் கூட எட்டிப் பாக்குது. சோத்தக் கொட்டினா தெரு நாய் எல்லாம் நம்ம வாசல்ல மாநாடு போடும்."

இருவரும் கிண்ணத்தைப் பார்த்தார்கள். அர்செஸியோவுக்குக் கொடுக்க முடியாது. கால் பெருவிரல் வீங்கி, கறியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வில்மர் ஞாயிறுதான் வருவான். உணவைக் கொட்டுவது என்பது ரூபியேலாவின் பிறவியிலேயே கிடையாது. அவள் கதவைச் சாத்தினாள். நாற்காலியைக் கட்டிலை விட்டுத் தள்ளி இழுத்துப் போட்டாள். கரண்டியை எடுத்தாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமானது. மத்தியானம் பன்னிரண்டரைக்குக் கோழித் தட்டம் தெரு பார்க்க முன்கூடத்தைக் கடந்து அறைக்குள் போகும். கதவு மூடும். முக்கால் மணி கழித்து எலும்பு மட்டும் வெளியே வரும். எர்சீலியா ஜன்னலிலிருந்து தலையாட்டுவாள். ஒரு தாய் தன் மகளுக்குச் செய்வதைவிட அதிகமாகச் செய்கிறாள் ரூபியேலா என்று பிதாலித்தோவுக்கு நல்ல பெயர் போய்ச் சேர்ந்தது.

இதில் ரூபியேலா யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவளுக்கு அந்த முக்கால் மணி நேரம் பிடித்துவிட்டது. கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவள் ஒரு நாளும் சூடாக, உட்கார்ந்து, முழுக் கிண்ணம் சாப்பிட்டதில்லை. அடுப்படியில் நின்றபடி, பிள்ளைகள் வைத்த மிச்சத்தையும் புருஷன் ஒதுக்கிய ஓரத்தையும் வாயில் போட்டுக்கொண்டுதான் அவள் வயிறு நிறைந்திருக்கிறது. இப்போது கதவு சாத்தியிருந்தது. யாரும் "உப்பு எங்க" என்று கூப்பிடவில்லை. தொடைக்கறி அவளுக்கே. முதல் ஒரு வாரம் குற்ற உணர்ச்சியோடு தின்றாள். இரண்டாவது வாரம் தின்றாள், அவ்வளவுதான்.

எதிரே லிசெத், கோழி வாசம் அண்டாமல் மூக்கருகே எலுமிச்சைத் தோலை வைத்துக்கொண்டு, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே பப்பாளி சாப்பிடுவாள். பேச்சு வளரும். லிசெத் பிரசவத்துக்கு முன்னால் பூங்காவில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவள். உடம்பைப் பற்றிப் பேசுவது அவளுக்குத் தொழில் மாதிரி.

"நீங்க எப்ப அத்தை குண்டானீங்க?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். வேறு யாராவது கேட்டிருந்தால் ரூபியேலா கரண்டியை வீசியிருப்பாள்.

"எந்தத் தடவையக் கேக்கற? பதினாலு வயசுல ஒரு ராத்திரி படுத்தேன், காலைல எழுந்தா இடுப்பு வந்திருந்துச்சு. எங்கம்மா அன்னைக்கே எனக்கு ரெண்டாவது பாலாடைக்கட்டி உருண்டைய நிறுத்திட்டா. கல்யாணத்துக்கு மூணு மாசம் பட்டினி கெடந்து அந்த உடுப்புக்குள்ள நுழைஞ்சேன். கல்யாணம் முடிஞ்ச மறுநாளே மாமியார், என்ன இது குச்சி மாதிரி, எம்புள்ளைக்கு என்ன பெத்துக் குடுப்பேன்னா. தின்னேன். மூத்தவ வயித்துல இருந்தப்போ ரெண்டு பேருக்குத் தின்னுன்னாங்க. தின்னேன். அவ வெளிய வந்துட்டா, எடை உள்ளயே தங்கிடுச்சு. வில்மர் பொறந்தப்புறம் கருத்தடை மாத்திரை போட்டேன், அதுக்கு நாலு கிலோ. இப்ப ஒண்ணுமே திங்கறதில்ல, காத்தக் குடிச்சாலும் ஊதுது."

"ஒண்ணுமே திங்கறதில்லையா?" லிசெத் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"உனக்காகத் திங்கறது கணக்குல வராது" என்றாள் ரூபியேலா, எலும்பை உறிஞ்சியபடி.

கணக்கில் வந்தது. இருபத்தெட்டாம் நாள் பாவாடையின் கொக்கி தெறித்து அடுப்புக்கு அடியில் போனது. ரத்த அழுத்தம் பார்க்கச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது நர்ஸ் ஆம்பாரோ அவளை எடைமேடையில் ஏற்றினாள். இறக்கினாள். மேடையை ஒரு தட்டு தட்டிவிட்டு மறுபடி ஏற்றினாள்.

"ஏழு கிலோ கூடியிருக்கு ரூபியேலாம்மா. என்ன சாப்பிடறீங்க?"

"சூப்பு."

"சூப்புக்கு இவ்வளவா?" ஆம்பாரோ யோசித்துவிட்டு, அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தாள். நல்ல பெண். "மாசவிடாய் நிக்கற வயசு இது. ஹார்மோன் குறையுது. தசை குறையுது. இடுப்புல இருந்த கொழுப்பு வயித்துக்கு வீடு மாறுது. தூக்கமும் வராது, தூக்கம் வரலேன்னா பசி வரும்."

"அப்ப பதினாலு வயசுல எதுக்கு வந்துச்சு?"

"அதுவும் ஹார்மோன்தான். அப்ப அது வர்ற வயசு."

"வந்தாலும் எடை, போனாலும் எடை. நல்ல விருந்தாளிம்மா அது" என்றாள் ரூபியேலா.

ஆம்பாரோ சிரித்துவிட்டு, எலும்புக்குக் கால்சியம் மாத்திரை ஒரு டப்பா கொடுத்தாள். அந்த டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, கொக்கி இல்லாத பாவாடை நழுவாமலிருக்க மற்றொரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, ரூபியேலா தெருவில் நடந்து வந்தாள். எர்சீலியா பார்த்தாள். எர்சீலியாவுக்கு ஐந்து பிள்ளைகள். சுகாதார நிலையம், மாத்திரை டப்பா, வயிற்றின் மேல் கை, இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுநாள் அர்செஸியோ தேஹோ ஆடுகிற இடத்துக்குப் போனார். களிமண்ணில் வைத்த வெடியைப் பார்த்து இரும்புத் தட்டை எறிகிற அந்த ஆட்டத்தில் அவர் இருபது வருடமாகத் தோற்றுக்கொண்டிருப்பவர். அன்றைக்கு எல்லாரும் எழுந்து நின்று கை குலுக்கினார்கள். ஒருவர் பீர் வாங்கிக் கொடுத்தார். ஐம்பத்துநாலு வயதில் இது சாதாரணக் காரியமா என்று இன்னொருவர் முதுகில் தட்டினார். விஷயம் புரிய அவருக்கு இரண்டு பாட்டில் ஆனது. புரிந்தபின் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது நெஞ்சு முன்னால் வந்தது, அவர் பின்னால் வந்தார்.

"ரூபியேலா, நீங்க என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?" என்று கேட்டார்.

"குப்பைய வெளிய வைங்கன்னு காலைலயே சொன்னேன்."

"அது இல்ல. ஊரே பேசுது."

அவர் சொல்லி முடித்ததும் ரூபியேலா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே வருடத்தில் வயிறு தள்ளுவதா? இதைவிட இத்தனை கோழியையும் தின்றது நான்தான் என்று கோயில் மணியடித்துச் சொல்லிவிடலாம். ஆனால் சொன்னால் அடுத்த பஸ்ஸில் எடில்மா வந்து இறங்குவாள். குழந்தை போகும். வாயை மூடிக்கொண்டால் கர்ப்பிணி. திறந்தால் திருடி. ரூபியேலா பன்னிரண்டு நாள் கர்ப்பிணியாகவே இருந்துவிடுவது என்று தீர்மானித்தாள்.

"இருந்துட்டுப் போகட்டும். அப்புறம் வாயுன்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

"வாயுன்னா?" அர்செஸியோவின் முகம் தொங்கிப்போனது. "தேஹோ ஆளுங்ககிட்ட நான் என்ன சொல்றது?"

அந்தப் பன்னிரண்டு நாளும் தெருப் பெண்கள் அவளைக் கனமான வாளி தூக்க விடவில்லை. கடையில் வரிசையில் முன்னால் விட்டார்கள். இத்தனை வருடம் நிஜமாகவே இரண்டு பிள்ளைகளைச் சுமந்தபோது வராத மரியாதை எல்லாம் ஒரு கோழி வயிற்றுக்கு வந்தது. ரூபியேலாவுக்குக் கோபம் வந்தது, ஆனாலும் வரிசையில் முன்னால் போனாள்.

நாற்பதாம் நாள் பத்தரை மணி பஸ்ஸில் எடில்மா வந்தாள். பருத்த தோளும் ரவிக்கைக்கு அடங்காத கையுமாக, படியேறி மூச்சு வாங்கி நின்றாள். பின்னாலேயே எர்சீலியாவும் நுழைந்தாள். அவள் இல்லாமல் அந்தத் தெருவில் எதுவும் நடப்பதில்லை. லிசெத் மூலிகைத் தண்ணீரில் குளித்துவிட்டு, காதுப் பஞ்சை எடுத்தெறிந்துவிட்டு, குழந்தையோடு கூடத்துக்கு வந்தாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. லிசெத்தின் கன்னத்தில் நல்ல நிறம் இருந்தது. ஆனால் இடுப்பு, பிள்ளை பெற்ற இடுப்பா என்று கேட்கும்படி இருந்தது.

எடில்மா மகளைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். இடுப்பைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளுவதற்கு எதுவும் சிக்கவில்லை. பிறகு திரும்பி ரூபியேலாவைப் பார்த்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. அந்தப் பார்வை வயிற்றில் வந்து நின்றபோது, தன் கணக்கில் எங்கே பிழை இருந்தது என்று ரூபியேலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்பது நாளும் எலும்பை எப்படி வெளியே அனுப்புவது என்று யோசித்தவள், சதை எங்கே போய்த் தங்கும் என்று யோசிக்கவேயில்லை.

"எர்சீலியா, இவங்க முழுகாம இருக்காங்கன்னு சொன்னியே" என்றாள் எடில்மா மெதுவாக. "இது புள்ள இல்லடி. இது என் கோழி."

எர்சீலியா நாற்காலி தேடி உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு கோழி அனுப்பினேன் சம்பந்தி. பெத்த ஒடம்புக்காரி பட்டினி கெடக்க, நீங்க கதவச் சாத்திட்டுத் தின்னீங்களா?"

லிசெத்தின் முகம் வெளுத்துப்போனது. அம்மா முன்னால் அவளுக்கு எப்போதும் குரல் எழும்பாது என்பதை ரூபியேலா இந்த நாற்பது நாளில் தெரிந்துவைத்திருந்தாள். கோழி வேண்டாம் என்று சொன்னவள் நீதான் என்று கையைக் காட்டிவிட்டால் போதும். ஆனால் அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தபோது அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆமா, நான்தான் தின்னேன்" என்றாள். "வில்மர் ஞாயித்துக்கிழமை ஒண்ணு ரெண்டு துண்டு தின்னிருப்பான். மத்ததெல்லாம் நான்தான். பசிச்சுது, தின்னேன்."

"துணிய எடுத்து வை, லிசெத்" என்றாள் எடில்மா.

லிசெத் நகரவில்லை. குழந்தையை ரூபியேலாவின் கையில் கொடுத்தாள். "நான் வரலம்மா."

"என்னது?"

"எனக்குக் கோழி எறங்கல. நான்தான் திங்கச் சொன்னேன். இவங்க எனக்கு முட்டையும் பருப்பும் பழமும் வேளாவேளைக்குக் குடுத்தாங்க. பாப்பாவப் பாருங்க, எம்பாலு குடிச்சுத்தான் இப்படி இருக்கா." என்றவள் அதோடு நிறுத்தவில்லை. "பதிமூணு வயசுல நீங்க என் தட்டுலேர்ந்து ரொட்டிய எடுத்தீங்க, தொப்பை போட்டா யார் கட்டுவான்னு. கல்யாணத்துக்கு உடுப்பு ஏறணும்னு ரெண்டு மாசம் வெறும் சுடுதண்ணி குடுத்தீங்க. கல்யாணமானதும் எலும்பும் தோலுமா இருக்க, மானம் போகுதுன்னீங்க. மாசமா இருக்கப்ப ரெண்டு பங்கு. இப்ப நாப்பது கோழி. இத்தனை வருஷத்துல ஒருத்தராச்சும், உனக்குப் பசிக்குதான்னு கேட்டீங்களாம்மா? மூணாம் நாள் வேணாம்னு சொன்னேன். சரின்னு சொன்னது இவங்க மட்டுந்தான்."

எடில்மா பெரிய உடம்போடு மெல்லச் சாப்பாட்டு மேஜை முன் உட்கார்ந்தாள். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். வியர்வையைத் துடைக்கிறாளா வேறெதையாவது துடைக்கிறாளா என்று யாரும் கிட்டத்தில் போய்ப் பார்க்கவில்லை.

"எனக்கும் நாப்பது போட்டாங்க" என்றாள். "நாலு பிரசவத்துக்கும் நாப்பது நாப்பது. என்னையும் ஒருத்தரும் கேக்கல. முழுங்கிட்டே அழுவேன். இப்ப டாக்டர் எடையக் குறைங்கறான். யார் வெச்ச எடை, யார் குறைக்கறது."

"நான் அஞ்சு தடவ தின்னேன். இருநூறு கோழி" என்றாள் எர்சீலியா. அவள் குரலில் முதல்முறையாக உளவுச் செய்தி எதுவும் இல்லை.

அடுப்பில் நாற்பதாவது கோழி கொதித்துக்கொண்டிருந்தது. ரூபியேலா குழந்தையை லிசெத்திடம் கொடுத்துவிட்டுப் பானையையே மேஜைக்குக் கொண்டுவந்தாள். இனிக் கதவைச் சாத்திப் பயனில்லை. கிண்ணங்களை வைத்துவிட்டு, எடில்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "சம்பந்தி, பசிக்குதா?"

எடில்மா யோசித்தாள். கேள்வி புதிதாக இருந்ததால் பதில் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது. "பசிக்குது" என்றாள். "காலைல நாலு மணிக்கு எந்திரிச்சவ."

ரூபியேலாவும் எர்சீலியாவும் மேஜைக்கு வந்தார்கள். அர்செஸியோ வாசல்படியிலிருந்து எட்டிப் பார்த்து, தன் தகப்பன் பதவி போய்விட்டது என்று புரிந்துகொண்டு திரும்பிப் போய்விட்டார். எடில்மா முதல் வாய் குடித்துவிட்டுக் கொத்தமல்லி கூடுதல் என்றாள். இரண்டாவது கிண்ணம் வாங்கும்போது கூடுதல் இல்லை, சரிதான் என்றாள். பேச்சு எங்கெங்கோ போனது. பிதாலித்தோவுக்குத் திரும்புகிற பஸ்ஸைப் பற்றி அவள் பேசியபோது ஒரு டிக்கெட் என்றுதான் சொன்னாள். ரூபியேலா அதைக் கேட்டுக்கொண்டு, கேட்காத மாதிரி குழந்தையைத் திரும்ப வாங்கி முதுகைத் தட்டினாள்.

லிசெத் சுவரோரம் நின்று இவர்கள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை. கொஞ்சம் கிட்டே வந்தாள். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"எனக்கும் ஒரு கரண்டி ஊத்துங்க அத்தை" என்றாள். "கொஞ்சமா. பசிக்கற மாதிரி இருக்கு."

ரூபியேலா ஒரே ஒரு கரண்டி ஊற்றினாள், கறித்துண்டு இல்லாமல். எடில்மாவின் கண் விரிந்தது. தொடைக்கறியை எடுத்து மகள் கிண்ணத்தில் போடக் கை பானைப் பக்கம் போனது. "நல்லாத் தின்னுடி" என்று சொல்ல வாயும் திறந்தது. மேஜைக்கு அடியில் ரூபியேலா அவள் காலை, ஏழு கிலோ கூடிய பாரத்தோடு, ஒரு மிதி மிதித்தாள்.

எடில்மா வாயை மூடிக்கொண்டாள்.